மலையுச்சியில் எஞ்சினுக்கு மூச்சளித்தவர்

கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோவில் 1872 ஆம் ஆண்டு பிறந்த சான்போர்ட் மொஸ், 16 வயதிலேயே காற்றமுக்கி செய்யும் பட்டறையொன்றில் தொழில் பழகினார். பேர்க்லியில் பயின்று, 1903 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். அவரது ஆய்வுப் பொருளான வாயுச் சுழலியை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் சில ஆண்டுகள் பரிசோதித்து, அது எரிபொருளை அளவுக்கு மீறி விழுங்குவது கண்டு கைவிட்டது.

முதலாம் உலகப்போரில் அந்த அறிவு மீண்டும் தேவைப்பட்டது. உயரத்தில் காற்று ஐதாவதால் விமான எஞ்சின்கள் வலுவிழந்தன. வீணே வெளியேறும் புகைவாயுவால் சுழலியைச் சுற்றி, அச்சுழலி இயக்கும் அமுக்கியால் எஞ்சினுக்குக் காற்றை நெருக்கி ஊட்டினார் மொஸ். (இவ்வெண்ணத்துக்கு 1905 இலேயே காப்புரிமை கோரியவர், எம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தின் வின்ரத்தூரில் பிறந்த அல்பிரட் பூக்கி என்பதை நாம் மறத்தலாகாது.)

1918 இல், கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்துக்கு லிபேர்ட்டி எஞ்சினொன்று பாரவூர்தியில் ஏற்றிச் செல்லப்பட்டது. கடல்மட்டத்தில் 350 குதிரைவலு தந்த அது அங்கே 230 ஆகத் தளர்ந்தது. மொஸின் பொறியைப் பூட்டியதும் 356 ஆயிற்று!

1940 ஆம் ஆண்டுக்குரிய கொலியர் விருது அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அப்பொறியோடுதான் ஐரோப்பிய வானில் உயரப் பறந்தன. அவ்விரைச்சலை அறிந்த எமக்கு அப்புகழ் முழுதும் இனிப்பதன்று. இன்றோ, வால்வு திறக்கும் நேரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் சிறிய மோட்டார் வாகன எஞ்சின்களிலும் அதே தத்துவம் சுழல்கிறது. மொஸ் 1946 இல் காலமானார்.