வணிகத் தலைவர் சிதம்பரம்பிள்ளை

தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்களை நம்மவர் விடுதலை வீரராகவே பெரிதும் அறிவர். அவர் ஒரு வணிகத் தலைவருமாவர். அவருடைய வணிகம் தோல்வியுற்றது. அத்தோல்வியை அவர் தாங்கிய முறையோ மாணவருலகம் கற்கத்தக்கது.

ஒட்டப்பிடாரத்தில் 1872 ஆம் ஆண்டு பிறந்த பிள்ளையவர்கள், தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். ஆங்கிலக் கம்பெனியொன்று அக்கடல்வழியைத் தன்வயப்படுத்தியிருந்த காலத்தில், 1906 இற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்றின் விலை 25 ரூபா. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பெற்றன.

எதிர்க்கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தனர். ஈற்றிற் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தனர் என்பர். தம் தொழிலுக்கே இத்துணை இடர் சூழ்ந்திருந்தும், 1908 இற் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலியுயர்வும் ஓய்வும் வேண்டிப் போராடியபோது அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டின்பின் அது ஆறாண்டாகக் குறைந்தது. தலைவனை இழந்த கம்பெனி 1911 இற் கலைக்கப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையிலே அவர் செக்கிழுத்தார். உடல் செக்கைச் சுற்றினும், உள்ளம் வேறோர் உழைப்பில் ஈடுபட்டது. எண்ணமே வாழ்வை ஆக்குகின்றது என்னும் கருத்தை விளக்கும் ஜேம்ஸ் அலனின் நூலை, மனம்போல வாழ்வு என்னும் பெயரிற் சிறையிலிருந்தே தமிழாக்கினார். கப்பலையும் தொழிலையும் இழந்து செக்கடியில் நின்ற ஒருவர் அக்கருத்தைத் தேர்ந்தமை வியப்புக்குரியது. பிறர் பறிக்கக்கூடியது பொருளேயன்றிச் சிந்தனையன்று என அவர் தெளிந்திருந்தார் போலும்.

1912 இறுதியில் விடுதலையானபோது எதிர்கொண்டோர் மிகச் சிலர். வழக்கறிஞர் உரிமையையும் இழந்திருந்தமையால், சென்னையிற் சிறு கடை நடத்தி வறுமையோடு வாழ்ந்தார். எனினும் தமிழ் நூலாராய்ச்சியை விட்டாரல்லர். 1935 இற் குறளின் அறத்துப்பாலுக்கு அவரெழுதிய உரை வெளிவந்தது. 1936 இல் உயிர்துறக்குமுன், கடைகளுக்குத் தாம் கொடுக்கவேண்டிய சிறுகடன்களையும் எழுதிவைத்தார்.

முயற்சி பலிக்காமற் போவது எவர்க்கும் நேரும். அதன்பின்னும் கடமையும் சிந்தனையும் குன்றாதிருப்பவரே தலைவராவர். பரீட்சையிற் சித்தியெய்தாத மாணவனும், தொழிலில் நட்டமுற்ற பழைய மாணவனும் இப்பெரியார் வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.