இரத்தத்தின் கதை சொன்ன பேராசிரியர்

1962 ஏப்ரல் 29. வாஷிங்டன் நகரில் ஜனாதிபதி கென்னடியின் மாளிகைக்கு எதிரே, அணுகுண்டுச் சோதனை கூடாது என்ற அட்டையைத் தாங்கி, ஊர்வலத்தாரோடு நடந்துகொண்டிருந்தார் 61 வயதுக்காரர் ஒருவர். முதல் நாளும் நடந்தார், அன்றும் நடந்தார். மாலையானதும் உடை மாற்றிக்கொண்டு, மனைவியை அழைத்துக்கொண்டு, அதே மாளிகைக்குள் நுழைந்தார். நோபல் பரிசு பெற்றவர்களுக்கு ஜனாதிபதி அளித்த விருந்துக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. விருந்துண்டார், நடனமும் ஆடினார். பகலில் வாசலில் கண்டனம், இரவில் உள்ளே விருந்து! அழைத்ததற்காக அட்டையைக் கீழே போடவில்லை. அட்டை பிடித்ததற்காக அழைப்பை மறுக்கவும் இல்லை.

அவர்தான் லைனஸ் பாலிங். இரசாயனத்துக்கு ஒரு நோபல் பரிசு, சமாதானத்துக்கு இன்னொன்று. எவரோடும் பங்கிடாமல் இரண்டு நோபல் பெற்ற மனிதர் இன்றளவும் அவர் ஒருவரே. விஞ்ஞானியாக ஒரு வாழ்க்கை, கிளர்ச்சிக்காரராக இன்னொரு வாழ்க்கை என்று அவர் சரித்திரத்தை இரண்டாகப் பிளந்து சொல்வோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. சோதனைச் சாலையில் அவர் கண்ட உண்மையே அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தது.

1901 பிப்ரவரி 28-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். 1910-ல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தாய் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு மூன்று குழந்தைகளை வளர்த்தார். கல்லூரியில் படித்த காலத்தில் பெண்கள் விடுதிச் சமையலறைக்கு விறகு பிளந்தார்; இறைச்சி வெட்டினார்; தரை துடைத்தார். மணிக்குக் கூலி 25 சென்ட். பிறகு சாலை போடும் இடத்தில் மேற்பார்வை வேலை. அந்தப் பணமும் குடும்பத்துக்கே போய்விட, 1919-ல் கல்லூரிக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றார். மாணவனாக வர முடியாதவனை அந்தக் கல்லூரியே ஆசிரியனாக அழைத்தது! பதினெட்டு வயதில் பாடம் நடத்தினார். அப்படி ஒரு வகுப்பில் அவரிடம் படிக்க வந்த ஏவா ஹெலன்தான் பின்னர் அவர் மனைவியானவர். அவரைச் சமாதானப் பாதைக்குத் திருப்பியவரும் அவரே. உயர்நிலைப்பள்ளியில் ஒரு பாடம் முடிக்கவில்லை என்று மறுத்து வைத்திருந்த சான்றிதழைப் பள்ளிக்கூடம் 1962-ல்தான் கொடுத்தது என்பது தனி வேடிக்கை.

1922-ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அணுவோடு அணு எப்படிக் கைகோக்கிறது என்பதை ஆராய்ந்து புகழடைந்தார். அதையெல்லாம் விரித்தால் இடம் போதாது. நாம் சொல்ல வந்தது புரதத்தின் கதை.

தசை, தலைமயிர், நகம், இரத்தத்தின் செந்நிறம் எல்லாவற்றிலும் இருப்பது புரதம். ஏறத்தாழ இருபது வகைச் சிறு மணிகளை நூற்றுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம் என்று அதை எண்ணிக்கொள்ளலாம். அமினோ அமிலங்கள் என்பது அம்மணிகளின் பெயர். ஆனால் சரம் மட்டும் இருந்தால் வேலை நடக்காது. ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? முறுக்கேறாத பஞ்சு நூலாகுமா? நூல் பாவாகி ஊடாகாமல் துணியாகுமா? உடலிலும் அப்படித்தான். சரம் எந்த வடிவில் மடிகிறதோ, அந்த வடிவுக்கேற்ற வேலையைச் செய்கிறது.

அந்த முறுக்கு எத்தகையது என்பதே அந்நாளைய பெரும் புதிர். 1948-ல் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த பாலிங் சளி பிடித்துப் படுக்கையில் கிடந்தார். துப்பறியும் நாவல்கள் அலுத்துப்போயின. ஒரு காகிதத்தை எடுத்தார். புரதச் சரத்தை அதில் வரைந்தார். மூட்டுகளில் மடித்து மடித்து வளைத்தார். மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள இணைப்பு தட்டையானது, முறுக்கினால் இசையாது என்பது அவருக்கு முன்பே தெரியும். அந்த விதியை மீறாமல் வளைத்தபோது காகிதம் திருகுச் சுருளாக நின்றது! ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய கட்டால் பிடித்துக்கொண்டது. ஒரு சுற்றுக்கு மணிகள் ஏறத்தாழ 3.6. கேம்பிரிட்ஜில் பிராக் தலைமையில் இதே புதிரோடு போராடிய மேதைகள், சுற்றுக்கு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று கோட்டைவிட்டார்கள். இயற்கை முழு எண் கேட்கவில்லை. 1951-ல் பாலிங்கின் கட்டுரை வந்ததும், கேம்பிரிட்ஜின் பெரூட்ஸ் குதிரை மயிரை எக்ஸ்ரே கதிரில் நிறுத்திப் பார்த்தார். சுருள் சொன்ன இடத்தில் அடையாளம் இருந்தது. கட்டுரையில் பாலிங்கோடு பெயர் போட்ட இருவரில் ஒருவர் ஹெர்மன் பிரான்சன் என்ற கறுப்பின விஞ்ஞானி. தம் பங்குக்கு உரிய பெருமை கிட்டவில்லை என்று அவர் பின்னாளில் வருந்தினார். அதையும் பதிவு செய்வதே நேர்மை.

பாலிங் கணித்ததெல்லாம் பலித்துவிடவில்லை. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு 1951-ல் அவர் கூறிய வடிவம் நிலைக்கவில்லை. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டார்கள். உலகப் பெருமேதை தவறிய இடத்தில் சென்னை வென்றது!

இனி இரத்தத்துக்கு வருவோம். சில குழந்தைகளின் சிவப்பணுக்கள், பிராணவாயுவை இறக்கி வைத்ததும், வட்ட வடிவம் இழந்து அரிவாள் போல் வளைகின்றன. நுண்ணிய குழாய்களில் சிக்கி நிற்கின்றன. தாங்க முடியாத வலி, சோகை, பலருக்கு இளவயதிலேயே சாவு. அணுவின் குற்றம் என்றே வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். பாலிங்குக்கு வேறு சந்தேகம். அணுவுக்குள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதமே மாறியிருக்குமோ? இதைச் சோதிக்கும் பொறுப்பை ஹார்வி இட்டானோ என்ற இளம் மருத்துவரிடம் விட்டார். ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் போர்க்காலத்தில் அமெரிக்க சர்க்கார் முகாமில் அடைத்து வைத்த இளைஞர் அவர்! நல்ல ஹீமோகுளோபினையும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் மின்சாரப் புலத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடின. 1949-ல் முடிவு வெளியாயிற்று. ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று உலகம் அறிந்தது அன்றுதான். 1956-ல் இங்கிலாந்தில் இங்ரம் என்பவர் இன்னும் நுணுகிப் பார்த்தார். 146 மணிகள் கொண்ட சரத்தில் ஆறாவது மணி ஒன்றே ஒன்று மாறியிருந்தது. ஒரு மணி மாறியது. ஒரு வாழ்வு கருகியது. அந்தப் பிழை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்.

இதை அறிந்த மனிதனுக்கு அணுத்தூசி என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1954 மார்ச் 1-ல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்தவர் 23 பேர். அவ்வாண்டே அவர்களில் ஒருவர் மாண்டார். புல்லில் விழுந்த தூசி பசுவுக்கும், பாலுக்கும், குழந்தையின் எலும்புக்கும் போகிறது. அதன் கதிர் மரபணுவைத் தாக்கினால் இன்னும் பிறவாத பிள்ளையின் சரத்தில் எந்த மணி மாறுமோ? ஆபத்து அற்பம் என்றார்கள் சர்க்கார் நிபுணர்கள். ஆளுக்கு அற்பம், உலக ஜனத்தொகையால் பெருக்கிப் பாருங்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் பாலிங்.

சும்மா விடுவார்களா? அதற்கு முன்பே, சமாதான இயக்கத்தோடு சேர்ந்ததற்காக 1952-ல் பாஸ்போர்ட் மறுத்தார்கள். லண்டனில் புரதம் பற்றி விவாதிக்கக் கூடிய சபைக்கு, அந்தப் புரதச் சுருளைக் கண்டவரே போக முடியவில்லை! (அந்தத் தடையால்தான் மரபணுவின் வடிவைக் காணும் பந்தயத்தில் தோற்றார் என்பாரும் உண்டு. அதே ஆண்டு கோடையில் அவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்து இங்கிலாந்து போனார்; 1953-ல் அவர் சொன்ன மூன்று புரி மரபணு அவருடைய சொந்தத் தவறே.) அமெரிக்காவில் அவருக்குச் சிவப்பு முத்திரை. சோவியத் நாட்டிலோ, 1951-ல் அவருடைய இரசாயனக் கொள்கையே பூர்ஷ்வாக் கருத்து என்று கண்டிக்கப்பட்டது. இரண்டு பக்கமும் அடி!

1957 மே மாதம் சோதனைகளை நிறுத்தக் கோரும் விண்ணப்பத்தை எழுதினார். 1958 ஜனவரியில் 9,235 விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைத்தார். 1960-ல் செனட் சபைக் குழு அவரைக் கூண்டில் நிறுத்தியது. கையெழுத்து வாங்கித் தந்தவர்கள் யார் யார், பெயர்களைக் கொடு என்றது. கொடுத்தால் எத்தனை இளம் விஞ்ஞானிகளின் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். மறுத்தால் சிறை என்பதும் தெரியும். இரு முறை அழைத்தார்கள். இரு முறையும் மறுத்தார். குழுதான் பின்வாங்கியது.

1963 அக்டோபர் 10. வானிலும் கடலிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கே பாலிங்குக்குச் சமாதானப் பரிசு அறிவித்தார்கள். ஊர்ப் பத்திரிகைகள் பலவும் முகம் சுளித்தன. 41 ஆண்டு உழைத்த கழகத்திலும் மனக்கசப்பு; அதே மாதம் விலகுவதாக அறிவித்தார்.

பிற்காலத்தில் சறுக்கினார். அரிவாள் சோகையின் பிழையைச் சுமப்போர் நெற்றியில் பச்சை குத்த வேண்டும் என்று 1968-ல் எழுதினார். ஏழைக் கறுப்பின மக்களின் நெற்றியில் முத்திரையா? இதை நாம் ஏற்க முடியாது. வைட்டமின் சி புற்றுநோயைத் தணிக்கும் என்றார்; மேயோ மருத்துவமனைச் சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. 1994 ஆகஸ்ட் 19-ல், 93-ம் வயதில், புற்றுநோயாலேயே காலமானார்.

அந்த அரிவாள் அணுக்கள் நமக்குத் தொலைவில் இல்லை. 1952-லேயே நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தில் அந்தப் பிழையைக் கண்டார்கள். 2023 டிசம்பரில், மரபணுவைத் திருத்தி இந்நோய்க்குச் செய்யும் சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. ஒரு நோயாளிக்கு அதன் விலை 22 லட்சம் டாலர். பிழையைக் கண்டுபிடிக்க, ஒரு துளி இரத்தத்தை மின்சாரத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் பாலிங் கூடத்து முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பெருஞ்செலவு இல்லை.