லட்சம் வேலைகள் ஒரே நேரத்தில்... மோதாமல் ஓட வழி சொன்ன டைக்ஸ்ட்ரா யார்?

1957. நெதர்லாந்தில் கல்யாணப் பதிவுக்குப் போன மாப்பிள்ளை, தன் தொழில் புரோகிராமர் என்றார். அப்படி ஒரு வேலையே கிடையாது என்று மறுத்துவிட்டார்கள் அதிகாரிகள். கடைசியில் இயற்பியலாளர் என்றுதான் பதிவானது. அவர்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

1930-ல் ராட்டர்டாமில் பிறந்தவர். லெய்டனில் இயற்பியல் படித்தபடியே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் ஆனார். குறைந்த தூரப் பாதையைக் கண்டுபிடிக்கும் அவரது அல்காரிதத்தை, இன்ஜினீயரிங் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவரைப் பயமுறுத்திய சிக்கல்

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை எந்த நொடியிலும் இடைமறிக்கும் வசதியோடு எக்ஸ்1 கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஒருமுறை வந்த பிழை மறுமுறை வராமல் போகலாம். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு உதாரணம்: கணக்கில் 1,000 ரூபாய். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் இருப்பைப் பார்த்து, ஆளுக்கு 800 எடுக்கின்றன. இரண்டுக்குமே போதிய பணம் இருப்பதாகத்தான் தெரியும்!

1960-களில் டைக்ஸ்ட்ரா சொன்ன தீர்வு, செமாஃபோர். ரயில்வே கைகாட்டி மாதிரிதான். ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே காத்திருக்கும்.

5 பேர், 5 ஃபோர்க்

காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. 1965-ல் மாணவர்களுக்கு அவர் கொடுத்த கணக்கு, பிற்பாடு தத்துவஞானிகளின் விருந்து என்ற பெயரில் பிரபலமானது. வட்ட மேஜையில் 5 பேர், நடுநடுவே 5 ஃபோர்க். சாப்பிட ஆளுக்கு 2 வேண்டும். எல்லோரும் இடப்பக்க ஃபோர்க்கை எடுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால்? அவ்ளோதான், யாருமே சாப்பிட முடியாது. இதுதான் டெட்லாக்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

2009-ல் அறிமுகமான கோ மொழியின் கோருட்டீன், சுமார் 2 கேபி ஸ்டாக்கில் தொடங்கும். 2023-ல் ஜாவா 21-ல் விர்ச்சுவல் த்ரெட் முழு வசதியாக வந்தது. இந்த இலகுவான த்ரெட்களை லட்சக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் குறைந்தது த்ரெட்களின் சுமை மட்டும்தான். ஒரே தரவை இரண்டு த்ரெட் தொட்டால், அதே 1,000 ரூபாய் சிக்கல். பூட்டும் வரிசை மாறினால், அதே டெட்லாக். கோ மொழியின் உள்ளேயே இன்றும் செமாஃபோர் இருக்கிறது.

1972-ல் டூரிங் விருது பெற்ற டைக்ஸ்ட்ரா, 2002 ஆகஸ்ட் 6-ல் நெதர்லாந்தின் நூனென் ஊரில் காலமானார். சோதனையில் பாஸ் ஆனதாலேயே ஒரு புரோகிராம் சரி என்று ஆகிவிடாது என்பதைக் கடைசிவரை வலியுறுத்தியவர். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிடும் கோட் எழுதுபவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் பாடம்.