ஒரே திருவிருந்து

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் பொறுப்பேற்றுத் தோர்ணக்கலில் பணியாற்றினார். நம்மைப் போலவே அயல்மொழி நிலத்தில் வாழ்ந்த தமிழர் அவர். தெலுங்கு கற்று, அம்மொழியிலேயே மக்களுக்குப் போதித்தார்.

கிறித்தவர் பல சபையினராய்ப் பிரிந்து, ஒரு சபையின் திருவிருந்தில் மற்றவர் பங்குபெற இயலாதிருந்த நிலை அவரை வருத்தியது. அப்பிரிவுகளோ மேலைநாட்டுப் பூசல்களில் விளைந்தவை. நம் சிற்றூர் உழவர்க்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு?

1919இல் தரங்கம்பாடியில் பிற சபைப் போதகரோடு கூடி, ஒன்றிணைய அழைப்பு விடுத்தார். பேராயர் பதவியை அனைவரும் ஏற்பதா என்னும் சிக்கலால் பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது.

1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அசரியா 1945 சனவரி முதல் நாளிலேயே மறைந்திருந்தார்.