தங்கிப் பார்த்தவர் தனிநாயகம் அடிகள்

உரோமாபுரியில் ஐந்து ஆண்டுகள் தங்கிப் படித்த ஒரு தமிழ் மாணவர், அந்நகரின் தெருக்களையும் தேவாலயங்களையும் நன்கு அறிந்திருந்தார். ஆனால் அங்குள்ள வத்திக்கான் நூலகத்தில் இருந்த ஒரு பழைய தமிழ் அகராதி அப்போது அவர் கைக்கு வரவில்லை. ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே சென்றபோதுதான் அது கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் தமிழ் படித்திருந்தார்.

அவர்தான் சேவியர் தனிநாயகம் அடிகள். 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பொன்னில் பிறந்தவர். பிறப்பில் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்து, கொழும்பில் குருமடத்தில் சேர்ந்து, 1934இல் இத்தாலி சென்றார். பல நாட்டு மாணவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தார். 1938இல் குருவானார். பழங்கால வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

கார்த்தேஜைப் பற்றி விரிவாகப் பேசத் தெரிந்தவருக்குச் சொந்த மொழியின் சங்க இலக்கியத்தில் பயிற்சி இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தபோது அந்தக் குறை அவரை உறுத்தியது. குருவானவர், முனைவர் என்ற தகுதிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பண்டிதரிடம் அடிப்படையிலிருந்து பாடம் கேட்டார். தனிநாயகம் என்ற பெயரை ஏற்றதும் இந்தக் காலத்தில்தான். 1945இல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றதோடு, சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வும் செய்தார்.

அதன் பிறகு, 1949 முதல், தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்ற மலாயா, ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாடுகளுக்குச் சென்றார். விருந்தாளியாக வருபவருக்கு எந்த ஊரும் மாலையும் மேடையுமாகத்தான் தெரியும். அடிகள் அதோடு நிற்கவில்லை. போகும் நாடுகளில் தமிழர் எப்படி வாழ்கிறார்கள், அங்குள்ள நூலகங்களில் தமிழ் தொடர்பாக என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். உலக அறிஞர்கள் தமிழைப் பற்றி எழுதவும் படிக்கவும் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார்.

1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடியதன் பலன் பெரிது. 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் நூலொன்றை ஆராய்ந்து அதன் சிறப்பை எடுத்துரைத்தார். உரோமன் எழுத்துகளில் தமிழை அச்சிட்ட நூல் அது. வத்திக்கான் நூலகத்தில் கிடைத்ததோ, அந்தாவ் தெ ப்ரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்து, அவர் மறைந்தபின் 1679இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. இத்தாலிய வாழ்க்கை தந்த மொழிகளும், வடக்கன்குளத்தில் தொடங்கிய தமிழ்ப் படிப்பும் சேர்ந்த பிறகே அந்த நூலின் அருமை அவருக்கு விளங்கியது.

1961இல் அவர் மீண்டும் இந்த மண்ணுக்கு வந்தார். இம்முறை மாலை வாங்கித் திரும்பிச் செல்லும் விருந்தாளியாக அல்ல, கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக. அந்தத் துறைக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு, தமிழவேள் கோ. சாரங்கபாணியின் அழைப்பை ஏற்றுச் சாதாரணத் தொழிலாளர்களும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்திருந்தார்கள். தோட்டத்து வெள்ளியும் பட்டணத்து வெள்ளியும் சேர்ந்து வளர்த்த துறை அது. அதன் பொறுப்பு எட்டு ஆண்டுகள் அவர் கையில் இருந்தது. பாடம் நடத்தினார், ஆய்வாளர்களை உருவாக்கினார், இந்நாட்டுத் தமிழரோடு கலந்து வாழ்ந்தார்.

இங்கிருந்தபடியே அவர் செய்த பெரும்பணிதான் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. 1964 ஜனவரியில் புது டில்லியில் கீழைத்தேய ஆய்வாளர்கள் கூடியபோது, பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம் முதலானவர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். பிரான்ஸ் நாட்டு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் அடிகளும் செயலாளர்களாயினர். மன்றத்தின் முதல் மாநாடு சென்னையிலோ மதுரையிலோ நடக்கவில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். பல நாட்டு அறிஞர்கள் இந்தத் தலைநகருக்கு வந்து தமிழ் பற்றிக் கட்டுரை படித்தார்கள். சஞ்சிக்கூலிகள் என்று இகழப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அது சாதாரணக் காட்சி அல்ல.

வத்திக்கானில் கிடைத்த அந்த அகராதியும் அதே 1966இல் மறுபதிப்புக் கண்டது. பதிப்பித்தவர் அடிகள், வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழகம். அம்பழக்காட்டில் பிறந்து உரோமில் உறங்கிய நூல், 287 ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூரில் கண் விழித்தது.

1969இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விடைபெற்ற அடிகள், 1980 செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் காலமானார். தம் பயணங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயர் 'ஒன்றே உலகம்'.

இன்று பள்ளி விடுமுறை வந்தால் மலிவு விமானத்தில் நான்கு நாளில் இரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறோம். அதில் தவறேதும் இல்லை. அடிகளும் முதலில் இந்த மண்ணுக்குச் சில நாள் விருந்தாளியாகத்தான் வந்தார். ஆனால் அவர் பெயர் இங்கே நிலைத்தது அந்தச் சில நாள்களால் அல்ல, பிறகு தங்கி உழைத்த எட்டு ஆண்டுகளால். அவர் தலைமை ஏற்ற இந்திய ஆய்வியல் துறையில் இன்றும் நம் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள்.