காலி இடத்தோடு போராடியவர்: கொள்கலனின் தந்தை மால்கம் மெக்லீன்

தாசேக் கெலுகோர் - பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த் நோக்கிப் போகும் சரக்கு ரயில் நம் வட்டார மக்களுக்குப் புதிதல்ல. தாசேக் கெலுகோர் நிலையத்தில் பயணி ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கொள்கலன்கள் வரிசையாகக் கடந்து போவதைப் பலரும் பார்த்திருப்போம். தென் தாய்லாந்தின் ரப்பர் உள்ளிட்ட சரக்குகள் இந்தத் தண்டவாளத்தின் வழியாகவே பினாங்குத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறுகின்றன.

பார்வைக்கு எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே சரக்கு எவ்வளவு, வெறும் காற்று எவ்வளவு? அந்தக் காற்றுக்கும் சேர்த்தே எண்ணெய் எரிகிறது. இந்தக் கணக்கை வாழ்நாள் முழுவதும் போட்டுப் பார்த்தவர் அமெரிக்காவின் மால்கம் மெக்லீன். உலகக் கடல் வாணிகத்தை மாற்றிய இந்த மனிதர், அதே கணக்கில் தவறிப் பெரும் நட்டத்தையும் கண்டார்.

முட்டை விற்ற சிறுவன்

வட கரோலினா மாநிலத்தின் மேக்ஸ்டன் என்ற சிற்றூரில் 1913 ஆம் ஆண்டு பிறந்தார் மெக்லீன். தந்தை விவசாயி, கூடுதல் வருமானத்துக்காகக் கிராமங்களில் கடிதம் பட்டுவாடா செய்தவர். சிறு வயதில் தாயார் கொடுத்த முட்டைகளைச் சாலையோரம் விற்றுத் தரகு வாங்கியதுதான் மெக்லீனின் முதல் வியாபாரம்.

1931 இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. அது பொருளாதார மந்த காலம். கல்லூரிக்குப் போக வசதி இல்லை. எண்ணெய் நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1934 இல் ஒரு பழைய லோரியைக் கொண்டு சரக்கு ஏற்றும் தொழிலைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் கைகொடுக்க, ஒரு லோரி பலவாகப் பெருகியது. 1950களின் நடுவில் 1,700க்கும் மேற்பட்ட லோரிகளைக் கொண்ட பெரிய நிறுவனமாக அது வளர்ந்திருந்தது.

1937 இல் பஞ்சுப் பொதிகளை நியூ ஜெர்சித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனபோது, தம் முறை வரும்வரை நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தொழிலாளர்கள் ஒவ்வொரு பொதியாக இறக்கி, கயிறு கட்டி, கப்பலுக்குள் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லோரியையே அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று அன்றே தோன்றியதாம்.

பினாங்கிலும் அன்று அதே நிலைதான். கப்பலுக்கும் கரைக்கும் இடையே தொங்கான் படகுகள் ஓடின. மூட்டைகளை முதுகில் சுமந்து கிடங்கில் சேர்த்தவர்களில் நம் முன்னோர் ஏராளம். ஒரு கப்பல் கடலில் ஓடும் நாட்களுக்கு ஈடாகத் துறைமுகத்தில் நின்ற நாட்களும் இருந்தன.

சக்கரத்தைக் கழற்றிய கணக்கு

1955 இல் மெக்லீன் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். லோரித் தொழிலில் இருப்பவர் கப்பல் நிறுவனமும் வைத்துக்கொள்ள அன்றைய அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் தாம் வளர்த்த லோரி நிறுவனத்தைக் கைவிட்டு, பான் அட்லாண்டிக் என்ற சிறிய கப்பல் நிறுவனத்தை வாங்கினார்.

இழுவை வண்டிகளைச் சக்கரத்தோடு கப்பலில் ஏற்றுவதுதான் அவருடைய முதல் திட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது சரிப்படவில்லை. சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள இடம் முழுவதும் வீண். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் வழியில்லை. கப்பலில் பாதி இடம் காலியாகவே போகும்போது லாபம் எங்கிருந்து வரும்?

அதனால் சக்கரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் ஏற்றுவது என்று முடிவானது. பெட்டியில் சரக்கு அனுப்பும் முறை அதற்கு முன்பே ரயில்வேயில் இருந்ததுதான். ஆனால் பெட்டி, லோரி, கப்பல், பாரந்தூக்கி நான்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைத்து ஒரே சங்கிலியாக இணைத்ததே மெக்லீனின் சாதனை. பெட்டிகளை அடுக்கிப் பூட்ட உதவும் மூலைப் பூட்டை உருவாக்கித் தந்தவர் அவருடைய பொறியாளர் கீத் டாண்ட்லிங்கர்.

1956 ஏப்ரல் 26 அன்று நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் புறப்பட்டது. அது பழைய எண்ணெய்க் கப்பல். பயன்படாமல் கிடந்த அதன் மேல்தளத்தில் 58 கொள்கலன்கள் இருந்தன. பழைய முறையில் ஒரு டன் சரக்கை ஏற்ற 5 டாலர் 83 காசு ஆனது. இந்தக் கப்பலில் 16 காசுக்கும் குறைவு.

அடுத்த ஆண்டே கேட்வே சிட்டி என்ற கப்பலை மாற்றியமைத்து, 226 பெட்டிகளை அடிமட்டத்திலிருந்தே அடுக்கினார். 1960 இல் நிறுவனம் சீலேண்ட் எனப் பெயர் மாறியது. 1966 இல் அதன் கப்பல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பா சென்றது. மூலைப் பூட்டின் காப்புரிமையைக் கட்டணமின்றி உலகப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்ததால், 20 அடி, 40 அடிப் பெட்டிகள் எந்த நாட்டுக் கப்பலிலும் ஏறும் நிலை வந்தது. 1972 இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. நம் நாட்டுத் துறைமுகங்களுக்கும் அந்தக் காலத்தில்தான் கொள்கலன் அறிமுகமானது.

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. பல பேர் பல நாள் செய்த வேலையைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் முடித்தது. நியூயார்க் முதல் நம் கரை வரை, தோள் வலிமையை நம்பிய துறைமுகத் தொழிலாளர்களின் வேலை மெல்ல மெல்லக் கரைந்தது. மெக்லீனின் வரலாற்றை எழுதும்போது அந்தக் குடும்பங்களை மறப்பது நியாயமாகாது.

திரும்பி வரும் வெறும் கப்பல்

வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைக்குச் சரக்கு கொண்டுசெல்லும் ஒப்பந்தம் சீலேண்டுக்குக் கிடைத்தது. போகும்போது கப்பல் நிறைந்திருந்தது. திரும்பும்போது வெறும் பெட்டிகள். இரு வழிச் செலவையும் படையே கொடுத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அதோடு திருப்தி அடைந்திருப்பார். மெக்லீனுக்கோ காலி இடம் உறுத்தியது. திரும்பும் வழியில் ஜப்பானில் நிறுத்தி, அந்நாட்டு ஏற்றுமதிப் பொருட்களை நிரப்பிவரச் செய்தார்.

1969 இல் சீலேண்டை ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். விலை ஏறக்குறைய 53 கோடி டாலர். அதன்பின் சீலேண்ட் 33 கடல் மைல் வேகத்தில் பாயும் கப்பல்களை ஓட்டியது. அவை முழு வேகத்தில் ஒரே நாளில் 500 டன் எண்ணெயைக் குடித்தன. 1973 இல் எண்ணெய் விலை எகிறியபோது அந்த வேகமே சுமையானது.

பெரிய கப்பல், பெரிய வீழ்ச்சி

1978 வாக்கில் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் நிறுவனத்தை வாங்கி மெக்லீன் மீண்டும் கடலுக்கு வந்தார். இம்முறை எண்ணெயை மிச்சப்படுத்துவதே நோக்கம். தென் கொரியாவில் 12 பெரிய கப்பல்களைக் கட்டச் சொன்னார். மொத்தச் செலவு 57 கோடி டாலர். ஒவ்வொன்றும் 4,000க்கும் அதிகமான 20 அடிப் பெட்டிகளை ஏற்றும். 18 கடல் மைல் வேகத்தில் நிதானமாக உலகைச் சுற்றிவரும். பெட்டி ஒன்றுக்கு ஆகும் எரிபொருள் வெகுவாகக் குறையும் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான், காலம்தான் ஒத்துவரவில்லை. கப்பல்கள் ஓடத் தொடங்கியபின் எண்ணெய் விலை சரிந்து, 1986 இல் பாதிக்கும் கீழே போனது. மெதுவாகப் போவதன் லாபம் மறைந்தது. வாடிக்கையாளர்கள் வேகமான கப்பல்களைத் தேடிப் போனார்கள். உலகைச் சுற்றும் பாதையில் எல்லாத் துறைமுகங்களுக்கும் இடையே ஒரே அளவு சரக்கும் கிடைக்கவில்லை. இடம் ஏராளமாக இருந்தது, நிரப்ப ஆளில்லை. 1986 நவம்பரில் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இது புரியாத கதை அல்ல. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல்களை வீழ்த்த, ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பயணிகளைத் தன் பக்கம் இழுத்தது. இருவரின் நோக்கமும் சூழலும் வெவ்வேறு. ஆனால் நிறையாத கப்பல் நீண்ட நாள் மிதக்காது என்பது இருவர் கதையிலும் உண்டு.

வேலை இழந்தவர்களை எண்ணி மெக்லீன் பல காலம் வெளியில் தலைகாட்டாமல் ஒதுங்கியிருந்தார். ஆனாலும் 77 வயதை ஒட்டி டிரெய்லர் பிரிட்ஜ் என்ற புதிய கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 2001 மே 25 அன்று நியூயார்க்கில் 87 வயதில் காலமானார். இறுதிச் சடங்கு நடந்த நாளில் உலகின் பல கடல்களில் கொள்கலன் கப்பல்கள் சங்கொலி எழுப்பி அவருக்கு விடைகொடுத்தன.

நமக்கு என்ன பாடம்?

அவருடைய மெதுவான கப்பல்கள் தோற்றன. அவற்றின் சிந்தனை தோற்கவில்லை. 2008க்குப் பிறகு பெரிய கப்பல் நிறுவனங்களே வேகத்தைக் குறைத்தன. வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறையும். உலகின் பசுமை இல்ல வாயு வெளியேற்றத்தில் கப்பல்களின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. 2050 வாக்கில் அதை நிகர பூஜ்யமாக்க அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2023 இல் இலக்கு வகுத்தது.

அதற்குப் புதிய எரிபொருள் வேண்டும்தான். அதுவரை நம் கையில் இருப்பது பெட்டியின் உள்ளே உள்ள இடம். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். ரப்பர் போன்ற கனமான சரக்கை ஏற்றினால், எடை வரம்பை எட்டியபின்னும் மேலே இடம் மிஞ்சும். கையுறை போன்ற லேசான சரக்கை ஏற்றினால் இடம் நிறைந்துவிடும், எடை மிஞ்சும். சேர்த்து அனுப்பக்கூடிய கனமான சரக்கையும் லேசான சரக்கையும் ஒரே பெட்டியில் கலந்து ஏற்றினால் இரண்டும் வீணாகாது. அட்டைப் பெட்டியின் அளவை அடுக்குப் பலகைக்குப் பொருந்தும்படி வெட்டினாலே இடைவெளி குறையும். முழுக் கொள்கலன் எடுக்க முடியாத சிறு வணிகர்கள் பிறரோடு ஒரு பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும் சேவையும் உண்டு. கட்டணமும் குறையும், ஒரு பெட்டியின் பயணமும் மிச்சம்.

செபராங் பிறையின் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் நம் இளைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். கொள்கலனின் கதவை மூடி முத்திரை வைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு லோரிக்காரர், சக்கரத்தின் கீழே வீணான இடத்தைக் கவனித்ததால்தான் இந்தத் தொழிலே உருவானது. கதவை மூடுமுன், கூரைக்கும் சரக்குக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கலாம். அதைக் குறித்துவைத்து மேலாளரிடம் சொல்லப் பட்டம் எதுவும் தேவையில்லை.