பாலத்துக் கல்லில் ஒரு சூத்திரம்

இறுதியாண்டு புராஜெக்டுக்காக நானும் என் ஹாஸ்டல் நண்பனும் ஒரு வீடியோ கேம் எழுதினோம். விமானம் வானத்தில் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். மூன்று கோணங்களை வைத்துத் திருப்பினோம். மூக்கு நேர் மேலே பார்த்ததும் விமானம் தறிகெட்டுச் சுழன்றது. நான்கு எண்கள் கொண்ட குவாட்டர்னியன் சூத்திரத்தைப் போட்டதும், அடடா, வழுக்கிக்கொண்டு திரும்பியது! நண்பனுக்கு ஆசை வந்துவிட்டது. இதுக்குப் பேட்டண்ட் வாங்கிட்டா, ஃபீஸுக்காக அம்மா அடகு வச்ச நகையை மீட்டுடலாம்டா என்றான்.

யாருடைய சூத்திரம் இது என்று நூலகத்தில் தேடினேன். கிடைத்தவர் சர் வில்லியம் ரோவன் ஹாமில்டன்.

1805-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். 1827-ல், டிரினிட்டி கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே வானியல் பேராசிரியர் ஆனார். கிட்டத்தட்ட நம்ம வயசு! டன்சிங்க் வானாய்வகமே அவர் வீடாயிற்று.

தளத்தில் ஒரு புள்ளியைத் திருப்ப இரண்டு எண்கள் போதும். முப்பரிமாணத்துக்கு மூன்று எண்கள் போதும் என்று நினைத்து, அவற்றைப் பெருக்கும் வழி தெரியாமல் பல ஆண்டுகள் தவித்தார். காலைச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம், பெருக்க வந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்பார்களாம். கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது என்று சோகமாகத் தலையை ஆட்டுவாராம்.

1843 அக்டோபர் 16. மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார். பளிச்சென்று விடை வந்தது. மூன்று போதாது, நான்கு வேண்டும்! கையிலிருந்த கத்தியால் புரூம் பாலத்துக் கல்லிலேயே கீறிவிட்டார்: ஐ, ஜே, கே ஒவ்வொன்றின் வர்க்கமும் மைனஸ் 1, மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் மைனஸ் 1. அந்தக் கீறல் அழிந்துவிட்டது. இன்று அங்கே நினைவுப் பலகை இருக்கிறது.

அவர் காசு வேண்டாம் என்ற துறவியல்ல. 20 மூலைகளையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுச் சுற்றிவரும் ஒரு விளையாட்டை உருவாக்கி, 1859-ல் லண்டன் வியாபாரி ஒருவருக்கு 25 பவுனுக்கு விற்றார். அது போணியாகவில்லை என்பது வேறு விஷயம்! சூத்திரத்தையோ எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். 1865-ல் மறைந்தார். 120 ஆண்டுகள் கழித்து, 1985-ல் கென் ஷூமேக் அதைக் கணினி அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(கே), கணித முறையையும் அல்காரிதத்தையும் வெறும் கணினி நிரலையும் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. அமெரிக்காவில் 1981-ல், ஒரு சமன்பாட்டைப் பயன்படுத்தி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். சமன்பாடு மட்டும் பொதுச்சொத்து. ஆனால் அங்கே கோடு மெல்லியது. 2004-ல் வந்த டூம் 3 விளையாட்டில் நிழல் கணக்கிடும் முறைக்கு வேறொரு கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. அந்த முறையை டூம் எழுதியவரும் தானாகவே கண்டுபிடித்திருந்தார். இருந்தும், அந்தக் கம்பெனியின் ஒலித் தொழில்நுட்பத்தைச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டுதான் வெளியிட முடிந்தது.

நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஹாமில்டன் விற்றது சூத்திரத்தை அல்ல, விளையாட்டை என்றேன். நாம் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை நமக்கே. கேமை நன்றாக முடித்தால் தாராளமாக விற்கலாம்.

அன்றிரவே மறுபடி உட்கார்ந்தோம். விளையாட்டின் முதல் திரையில், எங்கள் பெயர்களுக்கு மேலே ஹாமில்டன் பெயரைத் தட்டியவன் அவன்தான். வாழ்க அந்த மேதையின் புகழ்!